கணக்குக் கேட்கலாம், ‘திருடி’ என்று சொல்லலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்தில் மூன்று ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். பத்து மாதங்களுக்கு முன் நடந்த பொதுக்குழுவில், அடுத்த நிர்வாகத்துக்குப் போட்டியிட்ட ஒருவர் எழுந்து, ‘பராமரிப்புப் பணத்தில் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை இந்த அம்மா விழுங்கிவிட்டார்’ என்றார். அது லிஃப்ட் பழுதுபார்க்கக் கொடுத்த முன்பணம். பில் அடுத்த நிதியாண்டில்தான் வந்தது. தணிக்கையாளர் அங்கேயே எழுந்து இதை விளக்கினார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பிலும் அந்த விளக்கம் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு குரல் பதிவு போட்டார்: ‘முன்னாள் பொருளாளர் மாதிரி ஒரு திருடியை நம்பிச் சாவியைக் கொடுத்தோம். ஆடிட்டரும் கூட்டுக் களவாணிதான்.’ நான்கு மாதங்களுக்கு முன் அந்தப் பதிவு யார் மூலமோ என் அலுவலகத்துக்குப் போய்விட்டது. நான் அங்கே காசாளர். மேலாளர் விளக்கம் கேட்டார். பிறகு என்னைப் பணம் கையாளாத வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காசாளர் படியும் நின்றுவிட்டது. காவல் நிலையத்தில், ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பினார்கள். அவருக்குச் சிறை கிடைக்குமா? நஷ்ட ஈடு கேட்கலாமா? பதிவை அனுப்பியவர் மீதும் குழுவின் அட்மின் மீதும் வழக்குப் போடலாமா? அந்த மனிதருடைய மகனின் விவாகரத்தை முகநூலில் போட்டுப் பதிலடி கொடுக்கலாம், 66ஏ பிரிவில் புகாரும் கொடுக்கலாம் என்கிறான் என் தம்பி. எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் மகள் படிக்கட்டில் இறங்கி வரும்போது அங்கே நிற்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்களே, அது மாற வேண்டும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் கோடிட்டது ‘திருடி’ என்ற சொல்லை அன்று, ‘பத்து மாதங்களுக்கு முன்’ என்ற சொற்களை. அவதூறுக்காக நஷ்ட ஈடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் ஓர் ஆண்டுதான். எழுத்தில் வெளியான அவதூறுக்கு 75-ஆவது இனம், வாய்மொழி அவதூறுக்கு 76-ஆவது இனம். இரண்டிலும் ஓராண்டே. கடன் பத்திரத்துக்கே மூன்று ஆண்டுகள் கொடுக்கும் சட்டம், போன மானத்துக்கு ஓராண்டுதான் கொடுக்கிறது. இதை அறியாமல், அழுது ஓய்ந்து, உறவினர்களை வைத்துப் பேசிப் பார்த்து, பதினான்காவது மாதத்தில் கோப்போடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ‘காலம் கடந்துவிட்டது’ என்று சொல்வதுபோல் கசப்பான வேலை எங்கள் தொழிலில் வேறில்லை.

ஆகவே பொதுக்குழு நடந்த தேதியை ஒரு தாளில் எழுதி, அதிலிருந்து ஓராண்டைக் கணக்கிடுங்கள். குரல் பதிவு என்பது எழுத்தா, பேச்சா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். எது முதலில் முடிகிறதோ அதையே கெடுவாகக் கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் இந்தக் கடிகாரம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. சமாதானப் பேச்சு நடந்தாலும் நிற்காது. அலுவலகத்துக்குப் பதிவு போனது நான்கு மாதங்களுக்கு முன் நடந்த தனி வெளியீடு. அதற்குக் கணக்குத் தனி. ஆனால் அதைச் செய்தவர் வேறொருவர். அந்த மாதங்களைக் காட்டி, முதலில் பேசியவர்மீது வழக்குப் போட அவகாசம் மிச்சமிருப்பதாக எண்ணிவிடாதீர்கள்.

குற்றவியல் புகாருக்கு அவசரம் இவ்வளவு இல்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.

இனி காவல் நிலையம். அங்கே சொன்னது பாதி சரி. அவதூறு சிவில் விவகாரம் மட்டும் அன்று, குற்றமும்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் 1860 முதல் இருந்துவந்த அந்தக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் காவல்துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றங்களில் அது சேராது. பாதிக்கப்பட்டவரே நீதித்துறை நடுவர் மன்றத்துக்குச் சென்று தனிப் புகார் கொடுக்க வேண்டும். நிலையத்தில் செய்திருக்க வேண்டியது, நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு உங்களை நடுவரிடம் போகச் சொல்வது. அதைச் செய்யாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பியது தவறு. ஆனால் அந்தத் தவற்றைத் துரத்திக்கொண்டு எஸ்.பி. அலுவலகம், ஆணையர் அலுவலகம் என்று அலைந்து மிச்சமிருக்கும் இரண்டு மாதங்களைக் கரைத்துவிடாதீர்கள். அவர் உங்கள் பெண்மையை இழிவுபடுத்தும் விதமாகப் பேசியிருந்தால் நிலைமை வேறு. அது 79-ஆம் பிரிவில் வரும், காவல்துறையே வழக்குப் பதியலாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. இல்லாததைச் சேர்த்து எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், அவர்களிடமிருந்து விலகி இருங்கள்.

குரல் பதிவில் உங்கள் பெயர் இல்லை, ‘முன்னாள் பொருளாளர்’ என்று மட்டும் சொன்னார், இது போதுமா என்று உங்களுக்கு ஐயம் வரலாம். தாராளமாகப் போதும். யாரைப் பற்றிய பேச்சு என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தால் சரி. சட்டத்திலேயே இதற்கு அழகான எடுத்துக்காட்டுகள் தந்திருக்கிறார்கள். ‘அவர் நேர்மையானவர், அந்தக் கடிகாரத்தை அவர் திருடவே இல்லை’ என்று, அவர்தான் திருடினார் என மற்றவர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒருவர் சொன்னால், அது அவதூறு. கடிகாரத்தைத் திருடியது யார் என்று கேட்கும்போது ஒருவரை நோக்கி விரல் நீட்டினாலும் அவதூறு. கடிகாரத்தோடு அவர் ஓடுவதுபோல் படம் வரைந்தாலும் அவதூறு. பெயர் சொல்லாமல் சாடை பேசித் தப்பித்துக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதி வைத்திருக்கிறார்கள்.

பேசியது உங்களைத் தவிர இன்னொருவர் காதில் விழுந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. தனியறையில் உங்களை மட்டும் பார்த்துத் திட்டியிருந்தால் அது அவமதிப்பு, அவதூறு ஆகாது. உங்கள் விஷயத்தில் முழுப் பொதுக்குழுவும் கேட்டிருக்கிறது. பிறகு குழுவில் இருக்கும் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்த மனிதர் பொதுக்குழுவில் சொன்னதை மட்டும் வைத்து வழக்குப் போட நான் தயங்குவேன். 356-ஆம் பிரிவில் பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, தன் நலனையோ பிறர் நலனையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் சொன்ன குற்றச்சாட்டு. அவர் சங்க உறுப்பினர், பராமரிப்புப் பணம் கட்டுபவர். பொதுக்குழு என்பது கணக்குக் கேட்கவே கூடும் இடம். ‘தொகை இடித்தது, கேட்டேன், கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது’ என்று அவர் வக்கீல் வாதிடுவார். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. சங்கங்களில் கணக்குக் கேட்பவர்களை எல்லாம் நீதிமன்றத்துக்கு இழுக்கத் தொடங்கினால், உண்மையாகவே பணத்தை எடுப்பவர்களைக் கேட்க ஆள் இருக்காது. பொருளாளராக இருந்த நீங்கள் இதை ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் மறுநாள் காலை நடந்தது வேறு. சட்டத்தில் ‘நல்லெண்ணம்’ என்பதற்கு வரையறை உண்டு. தக்க கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது. தணிக்கையாளர் எழுந்து விளக்கிவிட்டார், அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டது, அவர் அங்கேயே உட்கார்ந்து கேட்டார். ஓர் இரவு கழிந்தது. அதற்குப் பிறகு செல்பேசியை எடுத்து, பொத்தானை அழுத்தி, ‘திருடி’ என்று பதிந்து அனுப்பியிருக்கிறார். அதில் கேள்வி இல்லை, சந்தேகம் இல்லை, தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. விளக்கம் கிடைத்த பிறகும் அதே பழியைத் திரும்பச் சொல்கிறவர் நல்லெண்ணம் என்று வாதிடுவது கடினம். விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்டவேண்டிய பொறுப்பும் அவருடையதே. உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்தக் குரல் பதிவுதான். பொதுக்குழுப் பேச்சு அதற்குப் பின்னணியாக வரட்டும்.

‘ஆடிட்டரும் கூட்டுக் களவாணி’ என்றதற்கு நீங்கள் புகார் செய்ய முடியாது. பழி யார்மேல் விழுந்ததோ அவரே வர வேண்டும். நடிகை குஷ்பு மீது பலர் தொடுத்த அவதூறு வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2010-இல் ரத்து செய்தபோது இதை அழுத்திச் சொன்னது: புகார் கொடுத்தவர்கள் யாரும் சட்டப்படி பாதிக்கப்பட்ட நபர்கள் அல்லர். தணிக்கையாளருக்குத் தனியாகப் புகார் செய்யும் உரிமை இருக்கிறது. அவரிடம் பேசிப் பாருங்கள். வழக்குப் போடாவிட்டாலும் அவர் உங்களுக்கு முதல் சாட்சி.

பதிவை அலுவலகத்துக்கு அனுப்பியவர் விஷயத்துக்கு வருகிறேன். ‘நான் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்பது பலரும் சொல்லும் சமாதானம். அவதூறைத் திரும்பச் சொல்வதும் அவதூறே. சமூக ஊடகப் பதிவு ஒன்றைப் பகிர்வது அதை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல், வேறு குற்றம் பற்றிய வழக்கில் என்றாலும், கடுமையாகவே சொன்னது. அந்தப் பதிவு சங்கக் குழுவுக்குள்ளேயே இருந்திருந்தால் உங்கள் படி நின்றிருக்காது. அதை உங்கள் வேலையிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், உங்கள் பிழைப்பில் கை வைத்தவர். அவர் யார் என்பது தெரிந்தால் அவரையும் எதிர்வாதியாகச் சேர்க்கலாம். கண்டுபிடிக்க வழி, பதிவு யாருடைய செல்பேசிக்கு முதலில் வந்தது என்று அலுவலகத்தில் நிதானமாகக் கேட்பது. ஊகத்தில் யாரையும் சேர்க்காதீர்கள். தவறான ஆளைச் சேர்த்தால், அவருக்கு எதிராக அதே தவற்றை நீங்கள் செய்தவர் ஆவீர்கள்.

குழுவின் அட்மினை விட்டுவிடுங்கள். ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான் அவர் கையில் இருப்பவை. மற்றவர் போடும் பதிவுக்கு, கூட்டுச் சதி இருந்தாலன்றி, அவர் பொறுப்பாக மாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் தீர்ப்பளித்தன. மேலாளரையும் விட்டுவிடுங்கள். பணம் கையாளும் ஊழியரைப் பற்றிப் புகார் வந்தால் விளக்கம் கேட்பது அவர் கடமை. இப்போது உங்களுக்கு அவர் எதிரி இல்லை, அவர் கொடுத்த கடிதம் உங்கள் சான்று. தணிக்கை அறிக்கை, லிஃப்ட் பில், நடவடிக்கைக் குறிப்பு மூன்றின் நகலையும் ஒரு மனுவோடு இணைத்து நாளையே அவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். நீதிமன்றம் சொல்லும்வரை அந்த மேசையில் உங்கள் பெயர் கறையோடு கிடக்க வேண்டியதில்லை.

உங்கள் தம்பியின் யோசனையைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. அவருடைய பாசம் புரிகிறது. ஆனால் அவர் காட்டும் பாதையில் போனால் வாதியாக நிற்க வேண்டிய நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். ‘நடந்ததைத்தானே எழுதினேன்’ என்றால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். நஷ்ட ஈட்டு வழக்கில் உண்மை முழுமையான எதிர்வாதம். குற்றவியல் வழக்கில் அப்படி இல்லை. சொன்னது உண்மையாக இருப்பதோடு, அதைச் சொன்னது பொதுநலனுக்காகவும் இருந்திருக்க வேண்டும். அந்த மனிதரின் மகனுடைய விவாகரத்தில் என்ன பொதுநலன்? உங்களுக்குத் தீங்கே செய்யாத ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் அதில் சிக்குவார்கள். உங்கள் மகளைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவதுபோல், நாளைக்கு அவர்களைப் பார்த்தும் நிறுத்துவார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவோ, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அரசியலமைப்புக்கு முரணானது என்று அடியோடு நீக்கிவிட்ட பிரிவு. அதில் புகார் வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சிறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். 356-ஆம் பிரிவின்படி உச்ச தண்டனை இரண்டு ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்பதால் புகார் கொடுத்த உடனே அவரைப் பிடித்து உள்ளே வைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சாதாரண மனிதர்களுக்கிடையே நடக்கும் அவதூறு வழக்குகளில் சிறைவாசம் வரை போவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: பேச்சுக்காக ஒருவரைச் சிறையில் அடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இலங்கை 2002-இலேயே குற்றவியல் அவதூறைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. இந்தப் பிரிவை நமக்குத் தந்த பிரிட்டனும் தன் நாட்டில் நீக்கிவிட்டது. நம் உச்ச நீதிமன்றம் 2016-இல், சுப்பிரமணியன் சுவாமி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், நற்பெயர் என்பது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று கூறி இந்தக் குற்றப் பிரிவைச் செல்லும் என்றது. சட்டம் இருக்கும்வரை அதைப் பயன்படுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதே சட்டம் உண்மை பேசிய பெண்களை மிரட்டவும் கையில் எடுக்கப்படுகிறது. பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த வழக்கு அப்படிப்பட்டதுதான் என்பது என் எண்ணம். 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் பிரியா ரமணியை விடுவித்தது. அதற்குள் அவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றப் படியேறியிருந்தார்.

குற்றவியல் புகாரில் முதலில் நீங்கள் சத்தியப் பிரமாணம் செய்து வாக்குமூலம் தர வேண்டும். புதிய நடைமுறைச் சட்டப்படி, புகாரை நடுவர் கோப்பில் ஏற்கும் முன்பே எதிர்த் தரப்புக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். இது பழைய சட்டத்தில் இல்லாதது. அதன் பிறகு சம்மன், சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை. அந்தக் குறுக்கு விசாரணையைப் பற்றி உங்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். மூன்று ஆண்டுகளின் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் எடுத்து, ‘இது ஏன் இரண்டு நாள் தாமதம்? இதில் ஏன் தலைவர் கையொப்பம் இல்லை?’ என்று கேட்பார்கள். பணத்தைத் தொடாதவர்கள்கூட அந்தக் கூண்டில் நாக்கு உலர்ந்து தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் உங்கள் கணக்கு எழுதும் முறை தளர்வாக இருந்தது என்பதை உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த் தரப்பு கேட்டு அவர் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

குற்றவியல் புகாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றம். அவர் மன்னிப்புக் கேட்டு நீங்கள் ஏற்றால், எந்தக் கட்டத்திலும் முடித்துக்கொள்ளலாம்.

நஷ்ட ஈட்டு வழக்கில் நிரூபிக்க வேண்டிய அளவு குறைவு. குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே எது கூடுதலாக நம்பத்தக்கது என்பதே அளவுகோல். பழைய ஆங்கிலச் சட்டத்தில் வாய்மொழி அவதூறுக்குப் பெரும்பாலும் பண இழப்பைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். இந்திய நீதிமன்றங்கள் அந்த வேறுபாட்டைப் பொதுவாகப் பின்பற்றுவதில்லை. இருந்தாலும் உங்களிடம் பண இழப்புக்கே சான்று இருக்கிறது: மாற்றல் உத்தரவு, படி நின்றதைக் காட்டும் சம்பளச் சீட்டுகள். இவ்வளவு அவமானத்துக்கு இவ்வளவு ரூபாய் என்ற அட்டவணை எந்தச் சட்டத்திலும் இல்லை. கோபத்தில் கோடிக் கணக்கில் கேட்கத் தோன்றும். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கூடும் என்பதோடு, மிகையான தொகை நீதிபதியின் மனத்தில் உங்கள் நம்பகத்தன்மையையும் குறைக்கும். இழந்த படி, அதற்குமேல் மன உளைச்சலுக்கும் பெயர்க்கேட்டுக்குமாக அளவான ஒரு தொகை, இனி இப்படிப் பேசக் கூடாது என்ற நிரந்தரத் தடை. இவ்வளவு போதும். வழக்கு முடியும்வரை வாயைத் திறக்காமல் இருக்க இடைக்காலத் தடை கிடைக்குமா என்றால், பேச்சுக்கு முன்கூட்டியே தடை போட நீதிமன்றங்கள் மிகவும் யோசிக்கின்றன. 2024 மார்ச்சில் ஓர் ஊடக நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த எச்சரிக்கையை மீண்டும் வலியுறுத்தியது. அதை நம்பி இறங்க வேண்டாம்.

சான்றுகளில் இன்றே கை வையுங்கள். குரல் பதிவு முதலில் வந்த செல்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். ‘மறையும் செய்தி’ வசதி அந்தக் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள். பதிவின் தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள், ஆனால் அது மட்டும் நீதிமன்றத்துக்குப் போதாது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் மறு பகுதியை வல்லுநரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும், பதிவு திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும் ஹேஷ் எண்ணும் இருக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டம் இருந்தபோதே, மூலக் கருவியைக் கொண்டுவராத நிலையில் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அறுதியிட்டுவிட்டது. நல்ல வழக்குகள் இந்த ஒரு தாள் இல்லாமல் சரிந்திருக்கின்றன. சங்கச் செயலாளரிடம் நடவடிக்கைக் குறிப்பின் சான்றிட்ட நகலை எழுத்துமூலம் கேளுங்கள். பதிவைக் கேட்ட குடியிருப்பாளர்களில் இருவராவது சாட்சி சொல்ல முன்வர வேண்டும். உங்கள் நெருங்கிய தோழியைவிட, பொதுவாக ஒதுங்கி இருக்கும் ஒருவர் வந்தால் எடை அதிகம்.

நீங்கள் கடைசியில் எழுதிய அந்தப் படிக்கட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். நீதிமன்றத் தீர்ப்பு பல ஆண்டுகள் கழித்து வரும். அன்று உங்கள் மகள் அந்தக் குடியிருப்பில் இருப்பாரோ இல்லையோ. அவருக்கு இப்போதே எதாவது மாற வேண்டும் என்றால், பழி எங்கே பேசப்பட்டதோ அங்கேயே அது திரும்பப் பெறப்பட வேண்டும். அதனால் என் ஆலோசனை இதுதான். இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் போகட்டும். அதில் மிரட்டல் வேண்டாம், அவர் குடும்பம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். குரல் பதிவில் அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மேற்கோளிட்டு, தணிக்கையாளரின் விளக்கத்தை இணைத்து, மூன்றைக் கேளுங்கள்: அதே வாட்ஸ்அப் குழுவில் மறுப்பும் மன்னிப்பும், அடுத்த பொதுக்குழுவில் அதைப் படித்து நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுவது, உங்கள் மேலாளருக்கு அவர் கையொப்பமிட்ட கடிதம். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். மன்னிப்பு வாசகத்தை நீங்களே எழுதி நோட்டீஸோடு அனுப்புங்கள். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்ற வகை வாசகத்தை ஏற்காதீர்கள். ‘நான் சொன்னது தவறு, பணம் லிஃப்ட் முன்பணமாகக் கொடுக்கப்பட்டது’ என்று அதில் இருக்க வேண்டும்.

நோட்டீஸுக்கு அவர் என்ன பதில் எழுதினாலும் உங்களுக்குப் பயன் உண்டு. மன்னிப்புக் கேட்டால் நீங்கள் விரும்பியது கிடைத்துவிட்டது. ‘நான் சொன்னது உண்மைதான்’ என்று எழுதினால், அதை நிரூபிக்கும் சுமையைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்கிறார். நிரூபிக்க முடியாமல் போனால் நஷ்ட ஈட்டைக் கூட்டுவதற்கு அதுவே காரணமாகும். பதிலே வராவிட்டால் பதினாறாம் நாள் வழக்கு. அதற்கான மனு, நோட்டீஸ் அஞ்சலில் சேர்க்கும் நாளிலேயே தயாராகி உங்கள் வக்கீலின் மேசையில் இருக்க வேண்டும். மனு எழுதத் தொடங்குவதற்கு அந்தப் பதினைந்து நாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உரிமையியல் வழக்கை முதலில் தாக்கல் செய்துவிடுங்கள். குற்றவியல் புகார் வேண்டுமா என்பதை அதன் பிறகு, கோபம் சற்று அடங்கியதும், முடிவு செய்யலாம். அதற்கு அவகாசம் இருக்கிறது.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படி நின்ற நிலையில் அந்தக் கவலை இருக்கும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்கள் எவ்வளவு வருமானம் உள்ளவர்களாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதி உடையவர்கள். வக்கீல் மட்டும் அன்று, நீதிமன்றக் கட்டணமும் அந்த உதவியில் அடங்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வேலை நாளில் அடையாள அட்டையும் இந்தக் காகிதங்களும் எடுத்துக்கொண்டு போங்கள். போய் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, காலக்கெடு முடியும் தேதி.